கார் மோதிய பிறகு வாயிலிருந்து வரக்கூடாதவை: தஞ்சாவூர்ப் பயணத்தில் பார்த்தது

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் சிம் கார்டு, ஏ.டி.எம்., மருந்துக் கடை என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்கிறோம். நாம் ஏறிப் போகிற கார் யார் மீதாவது மோதிவிட்டால் அந்த இடத்தில் என்ன பேசுவது என்று யாரும் விசாரிப்பதில்லை. இந்த முறை எங்களுக்கு அது நேர்ந்தது. ஆம்புலன்ஸ், அரசு ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன், இன்சூரன்ஸ், ஒர்க்‌ஷாப் என்று வரிசையாக ஏறி இறங்கினோம். எங்கெங்கே யார் என்ன சொன்னார்கள், அது எப்படி எழுத்தில் ஏறியது என்பதை எழுதி வைப்பது அடுத்து வருகிறவர்களுக்கு உதவும்.

திருச்சி விமான நிலையத்திலிருந்து தஞ்சாவூர் போகும் நான்குவழிச் சாலையில், செங்கிப்பட்டி தாண்டி நடந்தது. வண்டி என் சித்தப்பா மகனுடையது, ஓட்டியதும் அவன்தான். இடதுபக்கச் சந்திலிருந்து சாலையில் ஏறிய டிவிஎஸ் எக்ஸெல் மீது எங்கள் காரின் முன்மூலை இடித்தது. ஓட்டிவந்த பெரியவர் ஓரத்தில் விழுந்தார். அவர் முன்னால் வைத்திருந்த உர மூட்டை கிழிந்து யூரியா தார் மீது சிதறிக் கிடந்தது. வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருப்பது பார்த்ததும் தெரிந்தது. நினைவு தெளிவாக இருந்தது. "வண்டிக்கு ஒன்னும் ஆகலையே?" என்றுதான் முதலில் கேட்டார்.

அந்தக் கேள்வியைக் கேட்டபின் யாருக்கும் நெஞ்சு பதறும். "மன்னிச்சிருங்கய்யா, தப்பு எங்க மேலதான், எவ்வளவு செலவானாலும் நாங்க பாத்துக்கிறோம்" என்ற வார்த்தைகள் தானாக வரும். நான் இருக்கும் ஒன்டாரியோவில் மன்னிப்புக் கேட்பதற்கென்றே 2009இல் ஒரு சட்டம் வந்தது. வருந்துகிறேன் என்று சொன்னதை உரிமையியல் வழக்கில் தவறை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ள முடியாது. அதைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பிலிருந்து விலகவும் முடியாது. அந்தப் பழக்கத்தில் ஊறியவர்கள் இந்தியாவில் அதே வேகத்தில் பேசிவிடுகிறோம். இங்கே அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. இந்திய மோட்டார் பாலிசியின் நிபந்தனைப் பக்கத்தில், கம்பெனியின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ, பணம் தருவதாக வாக்குக் கொடுக்கவோ, பணத்தைக் கொடுக்கவோ கூடாது என்று தெளிவாக அச்சிட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை நம்மில் எத்தனை பேர் புரட்டிப் பார்த்திருக்கிறோம்?

தம்பி அந்த இடத்தில் சொன்னது இவ்வளவுதான்: "அய்யா, அசையாதீங்க. 108க்குச் சொல்லிட்டேன். நானும் கூட வர்றேன்." பெரியவருக்கு அப்போது வேண்டியிருந்தது அதுதான். சட்டம் கேட்பதும் அதுதான். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆவது பிரிவு, அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதை ஓட்டுநரின் கடமையாக வைக்கிறது. கூட்டம் அடிக்க வருகிற நிலையோ, ஓட்டுநரின் கைமீறிய வேறு காரணமோ இருந்தால் மட்டும் விலக்கு உண்டு. அப்போது நேரே ஸ்டேஷனுக்குப் போய்விட வேண்டும். எப்படியானாலும் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் தகவல் சொல்ல வேண்டும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதித் தெரிவிக்க வேண்டும்.

108 சீக்கிரமே வந்தது. வந்த உதவியாளர் ஒரு பெண். காலுக்கு அட்டை வைத்துக் கட்டிய விதத்தில் இருந்த நிதானத்தை என்னால் மறக்க முடியாது. போகும் வழியில் பெரியவரின் கவலை முழுவதும் பணத்தைப் பற்றித்தான். "செலவைப் பத்திக் கவலைப்படாதீங்க, இது இலவசம்" என்று அந்த உதவியாளரே சொன்னார். இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48 என்ற திட்டம் 2021 டிசம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கியது. விபத்து மாநில எல்லைக்குள் நடந்தால், அடிபட்டவர் எந்த மாநிலம், எந்த நாடு என்று பார்க்காமல், பட்டியலில் உள்ள அரசு, தனியார் ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பணம் கட்டுகிறது. தொடங்கியபோது ஓர் ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை என்று வைத்திருந்தார்கள். நம்மைப் போல் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டோடு வருகிறவர்களுக்கும் இது பொருந்தும். இது தெரிந்திருந்தால் "எல்லாச் செலவும் என்னுது" என்ற வாக்குறுதியை நடுரோட்டில் கொடுக்க வேண்டிய அவசியமே வராது.

தூக்கி ஏற்றியவர்களில் ஒரு பையன் ஆஸ்பத்திரி வரை கூடவே வந்தான். அங்கே யாரோ அவனிடம் "உன் பேரு என்ன, நீதான் சாட்சியா" என்று கேட்கவும் முகம் வெளுத்துவிட்டது. உதவிக்கு வந்தவரிடம் அப்படிப் பேசவே கூடாது. 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, பிறகு சட்டத்தின் 134ஏ பிரிவாகவும் 2020 விதிகளாகவும் வந்தது: உதவி செய்தவர் பெயர், முகவரி கொடுக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. விருப்பப்பட்டால் கொடுக்கலாம். இதை அவனிடம் எடுத்துச் சொன்னோம். பெயரைக் கொடுத்துவிட்டுத்தான் போனான். அவசரத்தில் அவனுக்குச் சரியாக நன்றிகூடச் சொல்ல முடியவில்லை.

விபத்து நடந்த இடத்துக்குத் திரும்புகிறேன். கூட்டத்தில் ஒருவர் தம்பியின் தோளைத் தொட்டு, "லைசென்ஸ் இருக்குல்ல? இல்லைன்னா சொல்லுங்க, டிரைவர் ஒருத்தர நிறுத்திடலாம்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். தம்பியிடம் லைசென்ஸ் இருந்தது. வெளிநாட்டு லைசென்ஸை மட்டும் பையில் வைத்துக்கொண்டு சொந்தக்காரர் காரை ஓட்டுகிறவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் இந்த யோசனைக்குத் தலையாட்டிவிட்டால் கதை வேறு. ஓட்டியவர் யார் என்பதில் பொய் சொன்னால் அது தனிக் குற்றம். டோல்கேட் கேமராவும் பக்கத்தில் வீடியோ எடுத்தவரின் போனும் உண்மையைக் காட்டிவிடும். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச் சீட்டை கனடாவில் சுலபமாக வாங்கலாம், ஓராண்டு செல்லும். அதை வாங்காமல் ஊரில் ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள். தகுந்த லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டினால், கம்பெனி அடிபட்டவருக்குக் கொடுத்த தொகையை வண்டிக்காரரிடமே திரும்ப வசூலிக்க நீதிமன்றம் அனுமதிக்கும். மாட்டிக்கொள்வது வண்டியைக் கொடுத்த சொந்தக்காரர்தான்.

இனி ஆஸ்பத்திரி. நான் இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். அவசரப் பிரிவில் பெரியவரைப் படுக்க வைத்ததும் டியூட்டி டாக்டர் ஒரு பெரிய பதிவேட்டைத் திறந்து, "எப்படி அடிபட்டுச்சு?" என்று கேட்டார். பெரியவர் எங்களைப் பார்த்தார், பிறகு டாக்டரைப் பார்த்து, "வழுக்கி விழுந்துட்டேங்க, வண்டியில போறப்ப" என்றார். எங்களைக் காப்பாற்ற நினைத்தாரா, கேஸ் கோர்ட் என்று அலையப் பயந்தாரா தெரியாது. இரண்டுமாகத்தான் இருக்கும். டாக்டரின் பேனா தாளைத் தொட்டுவிட்டது. தம்பி குறுக்கே பேசினான்: "இல்ல சார், எங்க கார் அவர் வண்டியில மோதுச்சு. செங்கிப்பட்டி தாண்டி. வண்டி நம்பர் எழுதிக்குங்க."

அந்தப் பதிவேட்டுக்கு விபத்துப் பதிவேடு என்று பெயர், எல்லோரும் ஏ.ஆர். என்பார்கள். விபத்துக்குப் பிறகு முதன்முதலாக எழுதப்படுகிற தாள் பெரும்பாலும் அதுதான். ஸ்டேஷனுக்குத் தகவல் போவதும் அங்கிருந்துதான். தானாக விழுந்தார் என்று அதில் ஏறிவிட்டால், மாதங்கள் கழித்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் கம்பெனி வக்கீல் முதலில் கையில் எடுப்பது அந்த ஒரு வரியைத்தான். கால் முறிந்த விவசாயி, கார் மோதியதாகப் பிறகு கதை கட்டுகிறார் என்று வாதம் போகும். மூன்றாம் நபர் காப்பீட்டைச் சட்டம் கட்டாயமாக்கி வைத்திருப்பதே இப்படி அடிபடுகிறவருக்காகத்தான். உயிருக்கும் உடம்புக்கும் ஏற்பட்ட சேதத்துக்குத் தீர்ப்பாயம் சொல்லும் தொகையைக் கம்பெனி கட்ட வேண்டும். அவருக்கு உரிமையான பணம் அது. "கேஸ் வேணாம், விழுந்துட்டேன்னு சொல்லிடுங்க" என்று அவரிடம் கேட்கிறவர், தெரிந்தோ தெரியாமலோ அந்தப் பணத்தைப் பறிக்கிறார்.

தம்பி சொன்னது தவறை ஒப்புக்கொண்டதாகாதா என்று உறவினர் ஒருவர் பிறகு கேட்டார். ஆகாது. கார் மோதியது நடந்த விஷயம். யார் மேல் தப்பு, யார் திரும்பும்போது பார்க்கவில்லை, யார் வேகம் என்பதெல்லாம் தீர்ப்பு. நடந்ததைக் கேட்கிற எல்லோரிடமும் ஒரே மாதிரி சொல்லலாம், சொல்லவும் வேண்டும். தீர்ப்பை மட்டும் நாம் எழுதக்கூடாது.

பின் இருக்கையில் இருந்த சித்தி, "எனக்கு ஒன்னுமில்ல, என்னை விடுங்க" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கழுத்து வலியும் தலை அடியின் அறிகுறிகளும் மறுநாள் தலைகாட்டுவது வழக்கம். "இப்போதைக்கு வலி தெரியல, டாக்டர் பாக்கட்டும்" என்றால் போதும். அவரையும் அங்கேயே காட்டிப் பதிவு செய்தோம்.

ஸ்டேஷனில் பெரியவரின் மகன் புகார் கொடுத்தார். முதலில் புகாரை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது, பிறகு எஃப்.ஐ.ஆர். எங்கள் தரப்பை நாங்களும் எழுதிக் கொடுத்தோம். ஒரு காவலர் விபத்து நடந்த இடத்துக்கு வந்து போனிலேயே படமெடுத்துப் பதிவேற்றினார். அது சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய விபத்துத் தரவுத் தளமாம். ஸ்டேஷன் ரைட்டர் பேச்சோடு பேச்சாகத் தம்பியிடம், "எவ்வளவு வேகத்துல வந்தீங்க, ஒரு எண்பது இருக்குமா?" என்று கேட்டார். அவன், "மீட்டரைப் பாக்கல சார், தெரியாததைச் சொல்ல முடியாது" என்றான். குரலை உயர்த்தாமல் மரியாதையாகத்தான் சொன்னான். ரைட்டருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் எண்பது என்று எதுவும் ஏறவில்லை. "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" என்ற வரி எப்படியும் எஃப்.ஐ.ஆரில் வரும், இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125 பிரிவுகளுக்கு அது தேவை. அதற்கு எண்ணை நாமே எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை. போலீஸிடம் சொன்ன குற்ற ஒப்புதல் கோர்ட்டில் சாட்சியமாகாது என்பது உண்மைதான். ரோட்டில் கூட்டத்திடம் சொன்னதற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. "போன்ல பேசிட்டு இருந்தான்போல" என்று வண்டியில் இருந்தவர்களே வாய்க்கு வந்ததைச் சொல்வதையும் கேட்டிருக்கிறேன்.

மறுநாள் வீட்டுக்கு ஊர்ப்பெரியவர்கள் இருவர் வந்தார்கள். ஒரு தொகையைக் கொடுத்து, இனி எந்தத் தொந்தரவும் இல்லை என்று வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிவிடலாம் என்றார்கள். சித்தப்பா காபி கொடுத்து உபசரித்து, "அவரு கால் எப்ப ஊனும்னு டாக்டருக்கே இன்னும் தெரியல, அதுக்குள்ள நாம என்ன விலை சொல்றது?" என்று கேட்டார். எனக்கு அவர் மேல் பெருமையாக இருந்தது. பாலிசி நிபந்தனை ஒருபுறம் இருக்க, முறிந்த காலுக்கு எத்தனை மாதம் நடவு போகும், எத்தனை மாதம் கூலி போகும் என்று தெரியாமல் ஒருவரிடம் கையெழுத்து வாங்குவது நியாயமே இல்லை.

வண்டியை பிரேக் இன்ஸ்பெக்டர், அதாவது மோட்டார் வாகன ஆய்வாளர், பார்த்து முடித்ததும் ஸ்டேஷனிலிருந்து விட்டார்கள். ஒர்க்‌ஷாப்பில் ஒருவர், "மாடு குறுக்க வந்துச்சு, கல்லுல மோதிட்டோம்னு போடுங்க, எஃப்.ஐ.ஆர். எல்லாம் எதுக்கு, கிளெய்ம் சீக்கிரம் வரும்" என்றார். பல பேர் இப்படிப் போடுகிறார்கள் என்பதும் அவர் பேச்சிலேயே தெரிந்தது. கிளெய்ம் படிவத்தில் ஒன்று, ஏ.ஆரில் ஒன்று, எஃப்.ஐ.ஆரில் ஒன்று என்று இருந்தால், சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார். வண்டிக்கு வரவேண்டியதும் போய்விடும். ஆஸ்பத்திரியில் சொன்ன அதே வாக்கியத்தைத்தான் படிவத்திலும் எழுதினோம். கம்பெனியிலிருந்து போனில் கேட்டபோதும் தம்பி அதையே சொன்னான்; அந்தப் பேச்சு பதிவாகிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்புவதற்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெரியவரைப் பார்த்தோம். ஆபரேஷன் முடிந்து எலும்பில் உலோகத் தட்டு வைத்திருந்தார்கள். பழம் வாங்கிப் போனோம், கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசினோம், வழக்கைப் பற்றி எதுவும் பேசவில்லை. வெளியே அவர் மகனிடம் பாலிசி நகலைக் கொடுத்தான் தம்பி. ஏ.ஆர். நகல், எஃப்.ஐ.ஆர். நகல், டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றையும் வாங்கி ஒரே ஃபைலில் வைக்கச் சொன்னோம். 2022 ஏப்ரல் முதல் நடக்கும் விபத்துகளுக்குச் சட்டத்தில் ஆறு மாத வரம்பு வந்திருக்கிறது. அதனால் தீர்ப்பாய மனுவைத் தள்ளிப்போட வேண்டாம், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவில் கேட்டால் வக்கீல் உதவியும் கிடைக்கும் என்றும் சொன்னோம். அடுத்த வாரமே போகிறேன் என்றார்.