அப்பாவின் தையல் மெஷின்: 11 வருடம் ஓட்டிய அனுபவம்

அப்பா இறந்து 11 வருடம் ஆகிறது. அவருடைய கால்மிதி மெஷின் என் கைக்கு வந்தும் அதே 11 வருடம்தான். நான் தையல்காரன் இல்லை. விளிம்பு மடித்து அடிப்பது, ஜிப் மாற்றுவது, பை தைப்பது, அவ்வளவுதான் என் வேலை. வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது ஓட்டுகிறேன்.

முதல் 8 மாதம் அதை யாரும் ஓட்டவில்லை, துணி போட்டு மூடியே வைத்திருந்தோம். மரியாதை என்று நினைத்துச் செய்தது, மெஷினுக்குக் கெடுதலாகப் போனது. சும்மா கிடந்தால் உள்ளே இருக்கும் எண்ணெய் பிசின் மாதிரி இறுகிவிடும். போதாக்குறைக்கு வீட்டில் யாரோ சமையல் எண்ணெய் வேறு விட்டிருந்தார்கள். அப்பா பார்த்திருந்தால் கையைத் தட்டிவிட்டிருப்பார். சக்கரம் அசையவே இல்லை. மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒரு ராத்திரி ஊறவைத்து, முன்னும் பின்னும் மெல்ல அசைத்தேன். கறுப்பு அழுக்கைத் துடைத்துவிட்டு மெஷின் எண்ணெய் விட்ட பிறகுதான் இளகியது.

சரி, ஓடியது. ஆனால் தையல் விழவில்லை. துணிக்கு அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்கியது. அடியில் சிக்கினால் எல்லோரும் அடிநூல் சுற்றியிருக்கும் பாபினை நோண்டுவோம். உண்மையில் கோளாறு பெரும்பாலும் மேல்நூலில்தான் இருக்கும். துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நூல் கோத்தால், நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவில் நூல் ஒழுங்காக உட்காரும். அதையும் செய்தேன். அப்படியும் வளையம் போகவில்லை. அப்பா கடைசியாகத் தைத்தது கனமான நூலில். அதற்குத் தகுந்தபடி டென்ஷன் திருகைத் தளர்த்தி வைத்திருந்தார். என் மெல்லிய நூலுக்கு அது போதவில்லை. ஒரு திருகு திருகினால் முடிந்தது. எனக்குத்தான் மனசு வரவில்லை, அவர் கை வைத்த கடைசி அளவு அதுதானே. பென்சிலால் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அப்புறம் திருகினேன். எண்ணெய்க் கையால் துடைத்துத் துடைத்து ஆறே மாதத்தில் அந்தக் கோடும் அழிந்துவிட்டது.

ஊசியில் நான் பட்ட பாடு தனி. சாதாரணத் துணிக்கு 14, கனத்த துணிக்கு 16 அல்லது 18. இந்த மெஷினில் ஊசியின் தட்டைப் பக்கம் வலப்புறம் பார்க்க வேண்டும், நூல் இடமிருந்து வலமாகப் போக வேண்டும். மாற்றிப் போட்டால் தையல் விட்டுவிட்டு விழும். ஆரம்பத்தில் ஊசி ஊசியாக உடைத்தேன். சின்ன வயதில் அவர் சொன்னது அப்போதுதான் உறைத்தது: "துணியை இழுக்காதடா. பல்லு தள்ளிக்கும். நீ வழியை மட்டும் காட்டு." பல்லு என்றால் துணிக்கு அடியில் இருந்து அதை நகர்த்தும் பற்கள். இழுத்தால் ஊசி வளைந்து தகட்டில் மோதும், உடையும். இப்போது வருடத்துக்கு இரண்டு ஊசி உடைந்தால் அதிகம்.

பலகையின் முன்விளிம்பில் அவர் முழங்கை ஊன்றிய இடம் லேசாகக் குழிந்திருக்கும். என் கை சற்று நீளம், அந்தக் குழியில் உட்காது. மிதியிலும் வலது கால் படும் பக்கம்தான் அதிகம் தேய்ந்திருக்கிறது.

மோட்டார் விஷயத்துக்கு வருகிறேன். மாட்டிவிடலாம் என்று தம்பி பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் விடவே இல்லை. அப்பா காலால் மிதித்து எங்களை வளர்த்தவர், அந்த மெஷினுக்கு மோட்டாரா என்று சண்டைக்கே போவேன். வருகிறவர்களிடமெல்லாம் இதைப் பெருமையாகச் சொல்லவும் செய்வேன்.

போன வருடம் டிராயரைச் சுத்தம் செய்தபோது அவருடைய அளவு நோட்டு கிடைத்தது. காலர், தோள், கை என்று யார் யாருடைய அளவோ. கடைசிப் பக்கங்களில் வரவு செலவு. அதில் ஐந்து இடத்தில் "மோட்டார்" என்று எழுதி அடித்திருந்தார். அடித்த வரிக்குக் கீழே ஒரு தடவை என் பரீட்சைப் பணம், ஒரு தடவை தம்பியின் கண்ணாடி. ராத்திரி வேலை முடிந்ததும் காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருப்பார். அவர் படுக்கிற விதமே அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

நோட்டைத் தம்பியிடம் நீட்டினேன். பார்த்துவிட்டு, "இதுக்குத்தானா என்கிட்ட இத்தனை வருஷம் சண்டை போட்டே?" என்றான்.

அடுத்த வாரமே மோட்டார் மாட்டியாகிவிட்டது. முதல் ஒரு மாதம் கஷ்டம்தான். லேசாக அழுத்தினாலே ஓடிவிடும், திருப்பங்களில் கையால் சக்கரத்தைச் சுற்றித்தான் தைத்தேன். சத்தமும் கொஞ்சம் கூடியிருக்கிறது. நீளமான தையலுக்கு மட்டும் அருமை, முழுத் திரைச்சீலை ஒன்று சில நிமிடங்களில் முடிகிறது. கால் வலி கிடையாது.

மிதியிலிருந்து சக்கரத்தைச் சுற்றவைத்த பழைய தோல் பெல்ட்டைத் தூக்கிப் போடவில்லை. தளரும்போதெல்லாம் கொஞ்சம் வெட்டி, கம்பிக் கொக்கி போட்டு இணைத்து வந்ததில் அது குட்டையாகிக்கொண்டே வந்தது. இன்னும் ஒரு வெட்டுத் தாங்கும். சுருட்டி அளவு நோட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், மின்சாரம் போனால் மாட்டிக்கொள்ள.