குளியலறைக்கென்று விற்கப்படும் ஐந்து செடிகள்: எட்டு மாத அனுபவம்

சென்ற ஆகஸ்டில், ‘குளியலறைச் செடிகள்’ என்ற பெயரில் ஒரு நர்சரி இணையவழியாக விற்கும் தொகுப்பை 1,650 ரூபாய் கொடுத்து வாங்கினேன். மணி பிளான்ட், ஸ்நேக் பிளான்ட், இசட்-இசட் செடி, ஸ்பைடர் பிளான்ட், பாஸ்டன் பெரணி ஆகிய ஐந்தும், அவற்றுக்கான வெள்ளைப் பீங்கான் தொட்டிகளும் அதில் அடக்கம். சென்னையில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் இரண்டு குளியலறைகள் உள்ளன. ஒன்றின் கண்ணாடிப் பட்டைச் சன்னல் வடக்கே திறந்தவெளியைப் பார்த்திருக்கிறது. மற்றதன் சன்னல், குழாய்கள் இறங்கும் குறுகலான டக்டுக்குள் திறக்கிறது. செடிகளை இரண்டிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். விற்றவரின் பெயரை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். நான் சொல்லும் குறைகளில் பல, இதே செடிகளை வேறு யாரிடம் வாங்கினாலும் எழக்கூடியவை.

தொகுப்போடு வந்த அட்டையில், குளியலறையின் ஈரப்பதம் செடிகளுக்குப் பெரிய வரம் என்று அச்சிட்டிருந்தார்கள். குளிர்காலத்தில் வீட்டைச் சூடேற்றி, அதனால் அறைக்காற்று உலர்ந்துபோகும் நாடுகளுக்கு இது பொருத்தமான பேச்சு. கடலோரத்தில் இருக்கும் சென்னைக்கு இது பொருந்தாது; இங்கே வரவேற்பறையில் வைத்த உப்பே கசிகிறது. நம் குளியலறையில் செடிக்குக் கிடைக்கும் உண்மையான வசதி, வெயில் படாத நிழலும் கைக்கெட்டும் தண்ணீரும்தான். கிடைக்காதது வெளிச்சம். ஆகவே எந்தச் செடி என்று யோசிப்பதற்கு முன், நண்பகலில் மின்விளக்கை அணைத்துவிட்டு, செடி வைக்க நினைக்கும் இடத்தில் செய்தித்தாளின் சிறிய எழுத்தைப் படிக்க முடிகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. எங்கள் வடக்குக் குளியலறையில் எளிதாகப் படிக்க முடிந்தது. டக்டைப் பார்த்த அறையில் தலைப்பைக்கூடத் தடவித்தான் படிக்க வேண்டியிருந்தது. அந்த அறையில் எந்தச் செடியும் நிரந்தரமாக வாழாது என்பதே என் முடிவு. பதினைந்து நாள் உள்ளே, பதினைந்து நாள் பால்கனியின் நிழலில் என்று முறை வைத்து மாற்றினால் ஸ்நேக் பிளான்டும் இசட்-இசட் செடியும் மட்டும் தாக்குப்பிடிக்கின்றன.

இந்த இரண்டுமே தொகுப்பின் விலைக்கு நியாயம் செய்தவை. ஸ்நேக் பிளான்ட் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததென்றாலும் நமக்கு முற்றிலும் அந்நியமானதல்ல. நம் ஊர்க் காடுமேடுகளில் வளரும், ஒரு காலத்தில் வில்லுக்கு நாண் திரிக்க நார் தந்த மருளின் நெருங்கிய உறவு அது. பகலில் இலைத்துளைகளை மூடி நீரைச் சேமித்து, இரவில் திறந்து கரியமில வாயுவை உள்வாங்கும் இனமாதலால், நாம் மறந்துவிடுவதை அது பொருட்படுத்துவதில்லை. இசட்-இசட் செடியோ மண்ணுக்கடியில் உருளைக்கிழங்கு போன்ற கிழங்குகளில் நீரைத் தேக்கிக்கொள்கிறது. இரண்டுக்கும் நான் கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைமாதங்களில் மாதத்துக்கு ஒரு முறையும் தண்ணீர் விட்டேன். இவை வாடிச் சாவதில்லை, அழுகித்தான் சாகின்றன. பக்கெட்டும் மக்கும் பக்கத்திலேயே இருக்கும் குளியலறையில் போகிறவர் வருகிறவரெல்லாம் அன்போடு ஒரு கை நீர் ஊற்றிவிடுவதுதான் இவற்றுக்கு வரும் ஒரே ஆபத்து. எங்கள் வீட்டில் தொட்டியில் ஒரு காகிதத் துண்டு ஒட்டி, கடைசியாகத் தண்ணீர் விட்ட தேதியைப் பென்சிலால் எழுதி வைத்த பிறகே அந்த அன்பு அடங்கியது.

மணி பிளான்டைப் பற்றி என் மாமியாருக்கு வேறு கருத்து இருந்தது. குளியலறையில் அதை வைத்தால் காசு தண்ணீராக ஓடிவிடும் என்று அவர் இரண்டு முறை சொன்னார். மூன்றாவது மாதத்தில் அந்தக் கொடி கண்ணாடியைச் சுற்றி வளைந்து இறங்கியதைப் பார்த்தபின் ஒன்றும் சொல்லவில்லை. பசிபிக் கடலில் உள்ள மூரியா தீவு அதன் பிறப்பிடம். மண்ணே இல்லாமல் வெறும் தண்ணீரிலும் வேர்விடும் என்பதால் பலர் அதைக் கண்ணாடிப் பாட்டிலில் வைக்கிறார்கள். பார்க்க அழகாக இருந்தாலும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு வீட்டுக்குள் தேங்கும் நல்ல நீரில்தான் முட்டையிடுகிறது, முட்டை கொசுவாக ஒரு வாரமோ பத்து நாளோ போதும்; வீடு வீடாக வரும் மாநகராட்சிப் பணியாளர்கள் பிரிட்ஜின் பின்பக்கத் தட்டோடு மணி பிளான்ட் பாட்டிலையும் கேட்டுப் பார்ப்பது இதனால்தான். பாட்டில்தான் வேண்டுமென்றால் வாரம் தவறாமல் நீரை மாற்றி, பாட்டிலின் உட்சுவரையும் தேய்த்துக் கழுவ வேண்டும், ஏனெனில் முட்டைகள் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். தொட்டியில் மண்ணோடு வைத்துவிட்டால் இந்தக் கவலை பெரிதும் குறைகிறது. அடித்தட்டில் நீர் நிற்காமல் பார்த்துக்கொண்டால் போதும். மணி பிளான்ட், இசட்-இசட் இரண்டின் இலைகளிலும் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உள்ளதால், கடித்தால் வாயும் நாக்கும் எரியும். தவழும் குழந்தையோ பூனையோ உள்ள வீட்டில் அவற்றை எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். ஸ்பைடர் பிளான்டுக்கும் பாஸ்டன் பெரணிக்கும் இந்தத் தொல்லை இல்லை.

ஆனால் அந்த இரண்டுக்கும் தண்ணீரில் தொல்லை. எங்கள் போர்வெல் நீர் குழாய் முனையில் வெள்ளையாகப் படியும் உப்பு நீர். இரண்டே மாதத்தில் ஸ்பைடர் பிளான்டின் இலைநுனிகள் எல்லாம் பழுப்பாகக் கருகின. இது நோயல்ல; நீரின் உப்புகள் இலைநுனியில் சேர்வதால் வருவது. ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீரைச் செடிக்கு விடலாம் என்று சிலர் சொல்வதைக் கேட்டு நானும் விட்டேன். அது போர்வெல் நீரைவிட உப்பு மிகுந்தது என்பதை யோசித்திருந்தால் விட்டிருக்க மாட்டேன். பிறகு ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரைப் பிடித்து ஊற்றத் தொடங்கியதும் புதிய இலைகள் முழுப் பச்சையாக வந்தன. காற்றின் ஈரமே குளிர்ந்து நீராவதால் அதில் உப்பு ஏறக்குறைய இல்லை.

பெரணி பிழைக்கவில்லை. அதற்குத் தண்ணீர் மட்டும் காரணமல்ல, தொட்டியும் காரணம். தொகுப்பில் வந்த ஐந்து பீங்கான் தொட்டிகளிலும் அடியில் துளை இல்லை. செடிகள் கெட்டியான செம்மண்ணில் நேரடியாக நடப்பட்டிருந்தன. பெரணிக்கு மண் எப்போதும் லேசாக ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் வேர் நீரில் ஊறக் கூடாது. துளையில்லாத தொட்டியில் இந்த நடுநிலையை யாராலும் பிடிக்க முடியாது. நவம்பர் மழையில் மூன்று வாரம் மூடாக்காக இருந்தபோது மண் காயவே இல்லை. கவிழ்த்துப் பார்த்தபோது வேர் கறுத்து நாறியது. மற்ற நான்கையும் அன்றே பிளாஸ்டிக் நர்சரித் தொட்டிகளுக்கு மாற்றினேன். தேங்காய் நார்க்கழிவு, ஆற்றுமணல், மண்புழு உரம் மூன்றையும் கலந்து நட்டு, அந்தத் தொட்டிகளை அப்படியே பீங்கானுக்குள் இறக்கி வைத்தேன். தண்ணீர் விடும்போது உள்தொட்டியை மட்டும் தூக்கி, நன்றாக வடியவிட்டு மீண்டும் வைத்துவிடலாம். இதை வாங்கும் அன்றே செய்திருக்க வேண்டும்.

அலங்காரத்தைப் பொறுத்தவரை, அட்டையில் காட்டியிருந்த படங்கள் தரை நனையாத குளியலறையில் எடுக்கப்பட்டவை. நம் வீடுகளில் தரையெல்லாம் ஈரம், சோப்பு நுரை தெறிக்கும், மாலையில் துடைப்பம் வரும். தரையில் எதையும் வைக்காமலிருப்பதே முதல் விதி. ஸ்நேக் பிளான்ட் நெட்டுக்குத்தாக வளர்வதால், ஷவருக்கு எதிர் மூலையில் இடுப்புயரத்தில் ஒரு சிறிய கல் பலகை அடித்து வைத்தோம்; வெள்ளை டைல்ஸின் பின்னணியில் அந்தக் கரும்பச்சைக் கோடுகள் ஓவியம்போல் நிற்கின்றன. மணி பிளான்ட் சன்னலின் மேல்மூலையிலிருந்து இறங்கி, தூண்டில் நரம்பில் கண்ணாடியைச் சுற்றி வருகிறது. ஸ்பைடர் பிளான்ட் சன்னல் கம்பியில் தொங்குகிறது. ஒட்டும் கொக்கிகள் ஈரச் சுவரில் நான்கு நாளைக்கு மேல் நிற்கவில்லை. கீசர் குழாயில் எதையும் தொங்கவிட வேண்டாம். பாரமும் சூடும் இரண்டுமே வேண்டாதவை. ஃபிளஷ் டேங்கின் மூடியும் அழகான இடந்தான், அதைத் திறக்க வேண்டிய நாள் வரும்வரை.

தரை கழுவும் நாளில் செடிகளை வெளியே எடுத்துவிட வேண்டும். ஆசிட் வாடை இலைகளைப் பொசுக்கிவிடும். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். அது செடிக்கு முன் நமக்கே ஆபத்து.

அட்டையின் பின்பக்கம் ‘காற்றைச் சுத்திகரிக்கும்’ என்ற வாசகமும் உண்டு. 1989இல் நாசா, மூடிய சிறிய கூண்டுகளுக்குள் செடிகளை வைத்துச் செய்த ஆய்விலிருந்து கிளம்பிய பேச்சு இது. வீடு மூடிய கூண்டல்ல. 2019இல் அத்தகைய ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டவர்கள், சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலைக்கு ஈடாகச் செடிகள் செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் தேவை என்றார்கள். எங்கள் குளியலறை 40 சதுர அடி. குறைந்த கணக்கிலேயே 37 செடிகள். குளிக்கிறவர் வெளியேதான் நிற்க வேண்டும். சன்னல் பட்டைகளைத் திறந்து வைப்பது மலிவான வழி.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தருகிறேன். செடிகளுக்கு நான்கு, தொட்டிகளுக்கு ஒன்று என்பதன் சமரசம் அது. பெரணி செத்ததை எழுதியபோது விற்பனையாளர் மறுப்புச் சொல்லாமல் இன்னொரு பெரணியை இலவசமாக அனுப்புவதாகச் சொன்னார். பெரணிக்குப் பதில் இன்னொரு ஸ்நேக் பிளான்ட் அனுப்பும்படியும், தயவுசெய்து துளையுள்ள தொட்டியில் அனுப்பும்படியும் கேட்டுக்கொண்டேன். நான்காம் நாள் செடி வந்து சேர்ந்தது, தளதளவென்று. தொட்டியைத் தூக்கி அடியைப் பார்த்தேன், வழவழப்பான வெள்ளைப் பீங்கான்.