நியூசிலாந்துக் கழகமா, இங்கிலாந்துப் பல்கலைக்கழகமா?

கண்டியிலோ அட்டனிலோ ரக்பி ஆடிப் பாடசாலை முடித்து, வெளிநாட்டில் ஆடப் போக நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது விசா. நியூசிலாந்தின் வேலை-விடுமுறை விசாத் திட்டத்தில் இலங்கை இல்லை. விசிட் விசாவில் போய்ச் சம்பளத்துக்கு ஆடவும் முடியாது. கழகமே அழைத்து வேலை விசாவுக்கு வழி செய்ய வேண்டும். "வந்து பார்" என்ற வாய்ப்பேச்சை நம்பி டிக்கெட் போடாதீர்கள். அங்கே பருவம் ஏறக்குறைய மார்ச் முதல் ஓகஸ்ட் வரை. ஆட்டத் தரத்துக்கு நியூசிலாந்துதான் மேல்.

இங்கிலாந்தில் மாணவர் விசா தெளிவான வழி, ஆனால் கட்டணம் கனமானது. பல்கலைக்கழகப் போட்டிகள் புதன்கிழமைகளில். பட்டப்படிப்பு மாணவர் தவணைக் காலத்தில் வாரம் 20 மணித்தியாலம் வேலை செய்யலாம். தொழில்முறை வீரராக ஆட முடியாது. கழகம் தரும் சிறு தொகையும் சிக்கலாகலாம். இன்னொன்று: 2023 முதல் அங்கே அமெச்சூர் ஆட்டத்தில் மார்பெலும்பின் கீழ்முனைக்கு மேலே டெக்கிள் செய்தால், அதாவது பந்தோடு வருபவரைப் பிடித்து வீழ்த்தினால், பெனால்ட்டி. உயர டெக்கிள் பழகியவர்கள் இங்கேயே இடுப்பைக் குறிவைத்துப் பழகுங்கள்.

எங்கே போனாலும் இலங்கை ரக்பி சங்கத்தின் விடுவிப்பு அனுமதி (வேறு நாட்டில் ஆட விடும் அனுமதி) வேண்டும், முன்கூட்டியே கேளுங்கள். கழகங்களுக்கு அனுப்பும் காணொளியில் நீங்கள் வைத்த ட்ரை (எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றிப் புள்ளி எடுப்பது) மட்டும் போதாது, ஒரு முழு ஆட்டத்தையும் சேர்த்து அனுப்புங்கள். வீட்டில் பணம் இறுக்கமென்றால் கடன்பட்டுப் படிக்கப் போவதைவிட, உள்ளூர்க் கழகத்தில் இரண்டு பருவம் ஆடி அழைப்பு தேடுவதே நல்லது.