சீருடை வழியா, சொந்தச் செலவா: மட்டக்களப்பில் ஒரு விமானித் தொழில் ஆலோசனை அமர்வு

என் தங்கையின் மகன் கணிதப் பிரிவில் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறான். விமானி ஆவதைத் தவிர அவனுக்கு வேறு பேச்சில்லை. விமானப்படையில் சேர்ந்து பறப்பதா, சொந்தச் செலவில் சிவில் பயிற்சி பெறுவதா என்ற தலைப்பில் தனியார் நிறுவனமொன்று சென்ற மாதம் மட்டக்களப்பு நகரில் அரைநாள் ஆலோசனை அமர்வொன்றை நடத்தியது. ஆளுக்கு 1,500 ரூபாய் கட்டி அவனை அழைத்துச் சென்றேன். தாய்மாமன் என்ற முறையில் பாதிச் செலவும் முழுப் பழியும் என்னிடமே வந்து சேரும் என்பதால், குறிப்புக் கொப்பியோடு முன்வரிசையிலேயே உட்கார்ந்தேன்.

கொடுத்த கட்டணத்துக்கு முதல் ஒரு மணிநேரத்திலேயே பயன் கிடைத்துவிட்டது என்று சொல்லலாம். முன்னாள் பயிற்றுநர் ஒருவர் தமது பறப்புப் பதிவேட்டைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்க்கக் கொடுத்தார். முதல் வரியில் செஸ்னா 152 என்ற சிறிய பயிற்சி விமானம், பயிற்றுநருடன், 0.8 மணி என்று நீல மையில் எழுதியிருந்தது. சர்வதேச விதிப்படி தனியார் விமானி அனுமதிப்பத்திரத்துக்கு 40 மணியும், வர்த்தக விமானி அனுமதிப்பத்திரத்துக்கு 200 மணியும் (அங்கீகரிக்கப்பட்ட தொடர் பயிற்சியாயின் 150), அதற்கு மேற்பட்ட விமானப் போக்குவரத்து விமானி அனுமதிப்பத்திரத்துக்கு 1,500 மணியும் வேண்டும் என்பதைப் பலரும் அறிவர். அந்த 200 மணி இப்படி 0.8, 1.1 என்று சில்லறை சில்லறையாகத்தான் சேர்கிறது என்பதும், அதில் 100 மணி தானே பொறுப்பு விமானியாகப் பறந்ததாக இருக்க வேண்டும் என்பதும் பதிவேட்டைப் புரட்டும்போதுதான் உறைத்தது.

மருமகன் கண்ணாடி அணிபவன். "கண்ணாடி போட்டா ஆகாதெண்டுதானே மாமா எல்லாரும் சொல்றாங்க?" என்று என் காதில் கேட்டதை நானே எழுந்து சபையில் கேட்டேன். வர்த்தக விமானிக்குரிய முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழுக்குக் கண்ணாடியுடனேனும் பார்வைக்கூர்மை ஒவ்வொரு கண்ணிலும் 6/9, இரு கண்ணும் சேர்ந்து 6/6 இருந்தால் போதும் என்றும், நிறம் பிரித்தறியும் சோதனை வேறு என்றும், படையின் தெரிவில் அளவுகோல் இதைவிட இறுக்கமானது என்றும் தெளிவாகப் பதில் வந்தது. எந்தப் பாடசாலைக்கும் முற்பணம் கட்டுமுன் மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள் என்று பதில் சொன்னவர் கூறியது அன்றைய நாளின் மிகப் பயனுள்ள ஆலோசனை.

இரண்டு வழிகளையும் ஒப்பிட்ட பகுதிதான் ஏமாற்றியது. திரையில் ஒரு பக்கம் "செலவு இல்லை, சம்பளம் உண்டு" என்று விமானப்படை. மறுபக்கம் நீண்ட செலவுப் பட்டியலுடன் சிவில் வழி. ஒப்பீடு பணத்தோடு நின்றுவிட்டது. கெடற்றாக, அதாவது படையின் பயிலுநராக, சேர்பவர் எதைப் பறப்பார் என்பதைத் தீர்மானிப்பவர் அவர் அல்லர் என்பதை யாரும் சொல்லவில்லை. பயிற்சிக்குப் பின் ஒருவர் சி-130 போன்ற போக்குவரத்து விமானத்துக்கும் போகலாம், பெல் 212 அல்லது எம்.ஐ.-17 ஹெலிகொப்டருக்கும் போகலாம். பத்தாண்டு ஹெலிகொப்டர் ஓட்டியவர் படையைவிட்டு விலகி ஏ-320 பயணிகள் விமானம் ஓட்ட விரும்பினால், நிலையான இறக்கை கொண்ட விமானத்துக்கான அனுமதிப்பத்திரம் அவருக்குத் தனியாக வேண்டும். படையில் போக்குவரத்து விமானம் ஓட்டியவருக்கும் சிவில் அனுமதிப்பத்திரம் தானாகக் கைக்கு வந்துவிடாது. சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் பரீட்சைகள் இருக்கின்றன. ஒப்புக்கொண்ட சேவைக்காலம் முடியுமுன் விலகுவதும் சொந்த விருப்பத்தில் நடக்கிற காரியம் அன்று. கட்டணம் வாங்கிக்கொண்டு ஒப்பிட வந்தவர்கள் இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

எங்கள் ஊருக்கென்று இன்னொரு கணக்கும் உண்டு. மட்டக்களப்பின் திமிலைதீவு ஓடுபாதை 1983இல் விமானப்படையிடம் போனது. 2016இல்தான் மீண்டும் சிவில் விமானங்களுக்குத் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் வளர்ந்த எங்களுக்கு அது விமான நிலையம் அன்று, முகாம். "அவன் பறக்கிறதெண்டா பறக்கட்டும் அண்ணா, உடுப்பு மட்டும் வேணாம்" என்று தங்கை சொல்வதை எந்தச் செலவுப் பட்டியலிலும் எழுத முடியாது. வேடிக்கை என்னவென்றால், விமானப்படையின் பறப்புப் பயிற்சி நடக்கும் திருகோணமலைச் சீனன்குடா எங்களுக்குக் கிட்ட. சிவில் பயிற்சிக்குப் பெயர்போன, கொழும்பை அடுத்த இரத்மலானைக்கோ நாட்டின் குறுக்கே போய், அறை வாடகையும் கட்டியாக வேண்டும்.

சிவில் வழியின் செலவை அவர்கள் நேர்மையாகவே சொன்னார்கள் என்றாலும், அதைச் சொன்ன விதம் போதாது. மணிக்கட்டணத்தை 200ஆல் பெருக்கினால் வருவது விமானத்துக்கான பணம் மட்டுமே. பரீட்சைக் கட்டணம், தரையிறங்கு கட்டணம், பரிசோதகர் கட்டணம், பின்னர் குறிப்பிட்ட வகை விமானத்துக்கான பயிற்சி எல்லாம் அதற்கு வெளியே. எரிபொருளும் உதிரிப்பாகமும் டொலரில் வருபவை என்பதால், 2022இல் சில வாரங்களிலேயே ரூபாய் சரிந்ததைப் போல ஒன்று பயிற்சியின் நடுவில் நேர்ந்தால் குடும்பம் பாதி வழியில் நின்றுவிடும். 200 மணியோடு வெளிவரும் பிள்ளை 1,500 மணியை எங்கே, யார் செலவில் சேர்ப்பது என்று நான் கேட்டபோது, "வேலை வாய்ப்பு நிச்சயம்" என்ற பதில்தான் கிடைத்தது. எழுத்தில் தருவீர்களா என்றேன். தேநீர் இடைவேளை அறிவிக்கப்பட்டது.

விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர், பராமரிப்புப் பொறியியலாளர் போன்ற தொழில்களுக்குக் கடைசியில் ஐந்து நிமிடம் ஒதுக்கினார்கள். வடையும் தேநீரும் நன்றாக இருந்தன.

இதே அமர்வு அடுத்து கல்முனையில் நடக்கவிருப்பதாக அறிவித்தார்கள். அம்பாறைப் பக்கத்துப் பெற்றோர் போவதானால் முற்பகலில் போங்கள். பிற்பகலில் நிரப்பச் சொல்லும் பதிவுப் படிவத்தில் அங்கேயே கையெழுத்து வைக்காதீர்கள். நாங்கள் வைக்கவில்லை. மருமகன் மருத்துவப் பரிசோதனைக்குக் கொழும்பு போக ரயிலில் ஆசனம் பதிவு செய்துவிட்டான்; அந்தச் சான்றிதழ் கைக்கு வரும்வரை வீட்டில் இந்தப் பேச்சே கூடாது என்று தங்கை சொல்லியிருக்கிறாள்.