வறண்ட ஜனவரியில் பினாங்கு: வந்த தண்ணீரும் வழிந்த தண்ணீரும்

தைப்பூசத்துக்கு ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து ஊருக்கு, மலேசியாவின் பினாங்கு மாநிலத்துக்கு, டிக்கெட் எடுத்த பிறகுதான் அக்கா வாட்ஸ்அப்பில் அந்த அறிவிப்பை அனுப்பினார். 2024 ஜனவரி 10 காலையிலிருந்து 14 காலை வரை பினாங்கின் பெரும்பகுதியில் குழாய்த் தண்ணீர் இருக்காது. ஏறத்தாழ 590,000 பயனீட்டாளர்களுக்குத் தடை. மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் உள்ள சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் 1,200 மில்லிமீட்டர் அளவுள்ள இரண்டு வால்வுகளை மாற்ற வேண்டியிருந்தது. மழையைக் குறைக்கும் எல் நினோ ஆண்டு, மழை குறைவான மாதம், அதோடு இதுவும். அப்பா டயாலிசிஸ் செய்துகொள்கிறவர். பயணத்தைத் தள்ளிப்போடலாமா என்று கேட்டேன். "நீ வந்தா வாளி தூக்க ஒரு ஆளாச்சு, வாடா" என்றார் அக்கா.

நன்றாக நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். எந்த வட்டாரத்துக்குத் தண்ணீர் எப்போது திரும்பும் என்ற பட்டியல் முன்கூட்டியே வந்திருந்தது. தண்ணீர் லோரிகள் இரவிலும் ஓடின. தீவில் உள்ள பாயான் பாருவில் எங்கள் பிளாட்டுக்குப் பக்கத்தில் பெரிய தொட்டி ஒன்றை இறக்கி வைத்திருந்தார்கள். மருத்துவமனைகளுக்கும் டயாலிசிஸ் மையங்களுக்கும் முன்னுரிமை கொடுத்தார்கள். ஒருவருக்கு ஒரு தடவை டயாலிசிஸ் செய்ய 120 லிட்டர் அளவுக்குச் சுத்தமான தண்ணீர் போகும். அப்பாவின் மையத்துக்கு லோரி வந்து நிரப்பிவிட்டுப் போனது. அவருக்கு ஒரு முறைகூடத் தவறவில்லை. அந்த லோரி ஓட்டுநர்களை நான் மறக்கமாட்டேன்.

குறை வேறு இடத்தில் இருந்தது. தெரு வரைக்கும் தண்ணீர் கொண்டுவர ஆள் இருந்தார்கள். தெருவிலிருந்து வீட்டுக்குக் கொண்டுசேர்க்கத்தான் யாரும் இல்லை. பிளாட் நிர்வாகம் லிப்ட் வாசலில் ஒட்டிய தாள் மலாயில் மட்டும் இருந்தது. கீழ் மாடியில் தனியாக இருக்கும் பாட்டி ஒருவருக்கு அதைப் படித்துச் சொல்ல யாருமில்லை. குழாய் வறண்ட பிறகுதான் அவருக்கு விஷயமே தெரிந்தது. எதிர்வீட்டு மலாய்க்கார மாக்சிக் (அத்தை முறை அம்மா) தன் பிள்ளைகளை அனுப்பி அவருக்கு வாளி வாளியாகத் தூக்கிக் கொடுத்தார்.

அதைவிட மனசை உறுத்தியது மொட்டைமாடி. தண்ணீர் திரும்பி வந்த இரவு, சுவரோரக் குழாயில் சலசலவென்று சத்தம். மேலே போய்ப் பார்த்தால் தொட்டியின் மிதவை வால்வு பழுது. நிரம்பிய பிறகும் தண்ணீர் நிற்காமல் வழிந்து சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. சில மாதங்களாகவே இப்படித்தான் என்றார் காவலாளி. பல நாள் வரிசையில் நின்று வாளி பிடித்த சனங்களின் தலைக்கு மேலேயே இது நடந்திருக்கிறது. நிர்வாகத்திடம் போய்ச் சொன்னேன், எழுதியும் கொடுத்தேன். அடுத்த வாரம் வால்வை மாற்றிவிட்டார்கள். சின்ன வேலைதான். கேட்க ஆள் இல்லாமல் கிடந்திருக்கிறது.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நம்மில் பலருக்குத் தெரியாது. பினாங்கின் கச்சா நீரில், அதாவது சுத்திகரிப்பதற்கு முந்தைய நீரில், 80 விழுக்காட்டுக்கு மேல் சுங்கை மூடா ஆற்றிலிருந்து எடுக்கிறார்கள். அந்த ஆறு பக்கத்து மாநிலமான கெடாவில் பிறந்து, கீழே வரும்போது இரண்டு மாநிலங்களுக்கும் எல்லையாக ஓடுகிறது. லஹார் தியாங்கில் எடுத்து, சுங்கை டுவாவில் சுத்திகரித்து, கடலுக்கடியில் குழாய் போட்டுத் தீவுக்கு அனுப்புகிறார்கள். ஆற்று மட்டம் குறைந்தால் கெடாவின் பெரிஸ் அணையிலிருந்து திறந்துவிட வேண்டும், அல்லது பெருநிலத்தில் உள்ள மெங்குவாங் அணையில் சேர்த்துவைத்ததை எடுக்க வேண்டும். மெங்குவாங்தான் மாநிலத்தின் பெரிய அணை. விரிவாக்கிய பிறகு அதன் கொள்ளளவு மூன்று மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. மழைக்காலத்தில் ஆற்று நீரை அதற்குள் ஏற்றி வைப்பார்கள். தீவிலுள்ள அணைகள் அதோடு ஒப்பிட்டால் சிறியவை. ஆயர் ஈத்தாம் அணை 1962-இல் கட்டியது, தெலுக் பாஹாங் 1999-இல் வந்தது. கச்சா நீருக்குக் காசு கொடு என்று கெடா கேட்பதும் பினாங்கு மறுப்பதும் பல வருடச் சண்டை. அதே ஆற்றுப் படுகையில் நெல் விவசாயமும் இருக்கிறது என்பதை நகரத்தில் உட்கார்ந்து பேசும்போது நாம் நினைப்பதில்லை.

சரி, ஆறு, அணை, குழாய் எல்லாவற்றுக்கும் திட்டம் இருக்கிறது. நாம் செலவழிப்பதற்கு என்ன திட்டம்? வீட்டு உபயோகத்தில் நாட்டிலேயே ஆளுக்கு அதிகத் தண்ணீர் செலவாவது பினாங்கில்தான்; நாளொன்றுக்கு 250 லிட்டருக்கும் மேல். போதும் என்று அதிகாரிகள் அடிக்கடி சொல்லும் அளவு 165 லிட்டர். மாதம் 35,000 லிட்டருக்கு மேல் போனால் கூடுதல் கட்டணம் என்று 2010-லேயே கொண்டுவந்தார்கள். ஆனால் அடிப்படை விலை மிகக் குறைவாக இருந்ததால் எங்கள் வட்டாரத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் ஊரில் இருந்தபோதே, பிப்ரவரியிலிருந்து தீபகற்பம் முழுக்க வீட்டுக் கட்டணம் கனமீட்டருக்கு (1,000 லிட்டருக்கு) சராசரியாக 22 சென் ஏறும் என்ற செய்தி வந்தது. காப்பிக் கடையில் ஒரே கோபம். நான் அதை ஆதரித்துத்தான் பேசினேன். ஏழைக் குடும்பத்துக்குத் தள்ளுபடி கட்டாயம் வேண்டும். ஆனால் வீட்டுக்கு இரண்டு கார் வைத்திருப்பவர் காரைக் குழாய் போட்டுக் கழுவுவதற்கும் இவ்வளவு குறைந்த விலை என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நான் இருக்கும் பெர்த்தில் மழை பல பத்தாண்டுகளாகவே குறைந்து வருகிறது. 2006-இல் குவினானாவில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது, அதற்கப்புறம் இன்னொன்று. ஆலை கட்டிவிட்டோமே என்று யாரும் தாராளமாகச் செலவழிக்கவில்லை. வீட்டு எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்த்து வாரத்தில் இரண்டு நாள்தான் தோட்டத்துக்குத் தெளிப்பான் போடலாம், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அதுவும் கிடையாது. என் தெருவில் எல்லாரும் இதற்குப் பழகிவிட்டார்கள். பினாங்கில் அந்தப் பழக்கம், தட்டுப்பாட்டு நாள்களில் மட்டும் தலைகாட்டிவிட்டு மறைந்துவிடுகிறது.

தைப்பூசம் ஜனவரி 25-இல் வந்தது. முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைக்குப் போகும் வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல்கள். வெயிலில் காய்ந்த தார்ச்சாலையில் வெறுங்காலோடு காவடி எடுத்து வருகிறவர்களுக்காகச் சாலையை நனைப்பது புண்ணியமான வேலை, அதை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் சில பந்தல்களில் ஆளே வராத நேரத்திலும் குழாய் திறந்தபடி சாலையில் ஓடியது. ஒரு பந்தலில் மட்டும் குழாய் முனையில் கைப்பிடி வைத்த தெளிப்பான் மாட்டியிருந்தார்கள், அழுத்தினால்தான் தண்ணீர் வரும். அந்தப் பிள்ளைகளிடம் கேட்டேன். "ரெண்டு வாரத்துக்கு முன்ன தண்ணி இல்லாம இருந்தோமே அண்ணே, கை வரல" என்றான் ஒருவன். எல்லாப் பந்தல் குழுக்களும் அடுத்த வருடம் இதைச் செய்யலாம், செலவும் அதிகமில்லை.

ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஊர் போகிறவர்களுக்கு: அப்பா அம்மா வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டர் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றினால் எங்கோ கசிகிறது, பிளம்பரைக் கூப்பிடுங்கள். பிளாட் என்றால் மொட்டைமாடித் தொட்டியைக் கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். தண்ணீர்த் தடை அறிவிப்பு வந்தால், பக்கத்தில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு நீங்களே போய்த் தமிழில் சொல்லிவிடுங்கள்.