ஈவீயின் எட்டு முகங்கள்: 25 கேண்டியை எதில் போடுவது?

போக்கிமான் கோ என்ற மொபைல் கேமில், ஈவீ என்னும் போக்கிமானை வேறு உருவமாக மாற்ற (எவால்வ் செய்ய) வேண்டிய 25 ஈவீ கேண்டி சேர்ந்தவுடன் எல்லோருக்கும் வரும் சந்தேகம்தான் இது. வேப்போரியான், ஜோல்ட்டியான், ஃபிளேரியான், எஸ்பியான், அம்ப்ரியான், லீஃபியான், கிளேசியான், சில்வியான் என்று எட்டு வழிகள். எட்டுக்கும் செலவு அதே 25 கேண்டி. "உங்களுக்குப் பிடித்ததை எடுங்கள்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். செலவு ஒன்றாக இருந்தாலும் பலன் ஒன்றாக இல்லை.

என் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லீக்கில் மற்ற வீரர்களோடு மோதுபவருக்கு உண்மையான தேர்வு அம்ப்ரியானா, சில்வியானா என்பது மட்டும்தான். பலர் கூடி ஒரு பெரிய போக்கிமானை வீழ்த்தும் ரெய்டுதான் முக்கியம் என்றால் கிளேசியான். கணக்குத் தொடங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது என்றால் வேப்போரியான். மீதி நான்கும், பிடித்தவற்றின் பட்டியலான போக்கிடெக்ஸுக்கு வகைக்கொன்று இருந்தால் போதும்.

அம்ப்ரியானா, சில்வியானா?

இரண்டுக்கும் அடிப்படை உயிர்ச்சக்தி ஒன்றுதான், 216. வித்தியாசம் மற்ற இரண்டில். அம்ப்ரியானுக்குத் தாக்குதல் வெறும் 126, தற்காப்பு 240. சில்வியானுக்கு 203, 205. அதாவது அம்ப்ரியான் அடி வாங்கிக்கொண்டே நிற்கும். சில்வியான் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும்.

இந்த எண்கள் லீக்கின் சிபி (போக்கிமானின் மொத்த பலத்தைக் காட்டும் எண்) வரம்போடு சேரும்போதுதான் விஷயம் சூடு பிடிக்கிறது. சிபி கணக்கில் தாக்குதலுக்கு எடை அதிகம். அதனால் தாக்குதல் குறைவாக உள்ள அம்ப்ரியான் 1500 வரம்புள்ள கிரேட் லீக்கில் தற்காப்பும் உயிருமாகக் கெட்டியாக வந்து நிற்கிறது. அதையே 2500 வரம்புள்ள அல்ட்ரா லீக்குக்குக் கொண்டுபோனால் மூச்சு வாங்குகிறது. மூன்று ஐவியும் (தாக்குதல், தற்காப்பு, உயிர் ஒவ்வொன்றுக்கும் பிறவியிலேயே வரும் கூடுதல் புள்ளி) உச்சமான 15 உள்ள அம்ப்ரியானை நிலை 50 வரை ஏற்றினாலும் சிபி 2416தான். நிலை 40-இலிருந்து 50-க்குப் போக உயர்நிலைக்கு மட்டுமான எக்ஸெல் கேண்டி 296-உம், பலம் ஏற்றச் செலவாகும் ஸ்டார்டஸ்ட் இரண்டரை லட்சமும் வேண்டும். இவ்வளவு கொட்டியும் வரம்பைத் தொடவில்லை. சில்வியானோ நிலை 30-ஐ ஒட்டியே 2500-ஐத் தொட்டுவிடும், ஒரு எக்ஸெல் கேண்டிகூடத் தேவையில்லை. அல்ட்ரா லீக் என்றால் எனக்குத் தயக்கமே இல்லை, சில்வியான்தான்.

கிரேட் லீக்கில் அம்ப்ரியான். ஆனால் ஆட்டத் தெரிந்தவர் கையில் இருந்தால்தான் அது பேசும். அதன் வேக அடியான ஸ்னார்லுக்கு வலி குறைவு, சக்தி சேர்ப்பு வேகம். அப்படிச் சேர்த்த சக்தியை ஃபவுல் ப்ளே என்ற பெரிய அடியில் போட்டு, பெரிய அடிகளைத் தடுக்க எதிராளி வைத்திருக்கும் ஷீல்டைக் கழற்றி, பிறகு லாஸ்ட் ரிசார்ட் என்ற இன்னொரு பெரிய அடியை இறக்க வேண்டும். எதிராளி எத்தனை அடி அடித்திருக்கிறார், அடுத்து என்ன வரும் என்று மனதில் எண்ணிக்கொண்டே ஆட வேண்டும். சில்வியானின் வேக அடியான சார்ம் நேர்மாறு. ஒவ்வொரு தட்டுக்கும் பெரிய வலி, சக்தி சேர்வது மெதுவாக. வேக அடியை ஷீல்டால் தடுக்க முடியாது என்பதால் எதிராளி கையில் இரண்டு ஷீல்டையும் வைத்துக்கொண்டே தோற்பார். லீக்கில் புதிதாக இறங்குபவருக்கு சில்வியானை நான் பரிந்துரைப்பதற்கு இதுவும் காரணம்.

நேருக்கு நேர் வந்தால் சில்வியான் ஜெயிக்கும். டார்க் வகைக்கு ஃபேரி அடி கூடுதலாக வலிக்கும். ஆனால் பாய்சன், ஸ்டீல் வகைகள் முன்னால் வந்தால் சில்வியான் தடுமாறும். பாய்சனுக்கு ஒரு மருந்து உண்டு: 2021 ஆகஸ்ட் கம்யூனிட்டி டே என்ற கேமின் சிறப்பு நாளில் வந்த சைஷாக் என்ற அடி. ஸ்டீலுக்கு அப்படி எதுவும் கிடையாது, மாற்றி ஆள் இறக்குவதுதான் வழி.

ஐவியில் பலரும் கவனிக்காத இடம் ஒன்று இருக்கிறது. வரம்புள்ள லீக்குக்குத் தாக்குதல் ஐவி குறைவாகவும் மற்ற இரண்டும் நிறைவாகவும் உள்ள ஈவீதான் நல்லது. ஐவியைக் காட்டும் அப்ரைசலில் முதல் கோடு (தாக்குதல்) காலியாகவும் கீழே இரண்டும் நிரம்பியும் தெரிகிற ஈவீயைக் கண்ணை மூடிக்கொண்டு ப்ரொஃபஸருக்கு அனுப்பிக் கைவிட்டுவிடாதீர்கள். கிரேட் லீக் அம்ப்ரியானுக்கும் அல்ட்ரா லீக் சில்வியானுக்கும் தேடுவது அதைத்தான்.

பழைய மூன்று

2016 ஜூலையில் கேம் வந்த புதிதில், அதன் சண்டைக் களங்களான ஜிம்களில் எங்கு பார்த்தாலும் வேப்போரியான். உயிர்ச்சக்தி மிக அதிகம் (இன்றைய கணக்கில் 277), ஈவீ கேண்டிக்கும் பஞ்சமில்லை. இன்று க்யோகரும் ஹைட்ரோ கேனன் தெரிந்த ஸ்வாம்பர்ட்டும் இருக்கும்போது ரெய்டில் அதற்கு இடமில்லை. ஆனாலும் புதியவர் கையில் முதல் சில வாரங்களுக்கு இதைவிடப் பொறுமையான ஆள் கிடைக்காது. விழுந்ததை எழுப்பும் ரிவைவும் காயம் ஆற்றும் போஷனும் குறைவாக இருக்கும் காலத்தில் சீக்கிரம் விழாத போக்கிமான் பெரிய ஆறுதல்.

ஃபிளேரியானின் தாக்குதல் 246, ஜோல்ட்டியானுடையது 232. எண்ணைப் பார்த்தால் ஆசை வரும். ஆனால் இரண்டுக்கும் உயிர்ச்சக்தி 163தான், சீக்கிரம் சாய்ந்துவிடும். நெருப்புக்குத் தாக்குதல் 271 உள்ள சாண்டலூர் இருக்கிறது, மின்சாரத்துக்கு எலெக்டிவயரும் ராய்க்கோவும் இருக்கிறார்கள். எஸ்பியானும் இதே ரகம்தான். 261 என்பது ஈவீ குடும்பத்திலேயே உயர்ந்த தாக்குதல், ஆனால் சைக்கிக் வகையில் 300-ஓடு மியூடூ உட்கார்ந்திருக்கிறது.

லீஃபியானும் கிளேசியானும்

இவை இரண்டையும் எப்போதும் ஜோடியாகப் பேசுவார்கள். நான் பிரித்துத்தான் பேசுவேன். லீஃபியானின் தற்காப்பு 219, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் புல் வகையில் ஃப்ரென்ஸி ப்ளான்ட் தெரிந்த வீனசோரும் ஸெப்டைலும் கம்யூனிட்டி டேயில் எல்லோர் கைக்கும் வந்துவிட்டன. லீஃபியான் எங்கும் முந்தவில்லை.

கிளேசியானின் கதை வேறு. ஐஸ் வகையின் மலிவான நல்ல தாக்காளர் இதுதான். தாக்குதல் 238. மாமோஸ்வைன் 247, உண்மைதான், ஆனால் ஸ்வினபில் 25 கேண்டியில் பிலோஸ்வைனாகி, பிறகு 100 கேண்டியும் ஒரு சினோ ஸ்டோனும் கேட்கும். கிளேசியானுக்கு 25 கேண்டியும், பக்கத்துப் போக்கிஸ்டாப்பில் (கேம் வரைபடத்தில் குறித்த இடம்) போடும் க்ளேஷியல் லூர் என்ற பொருள் ஒன்றும் போதும். லூரை நீங்களே போட வேண்டும் என்றுகூட இல்லை, வேறு யாரோ போட்ட போக்கிஸ்டாப்பின் எல்லைக்குள் நின்றாலே சரி. ரெய்குவாசா போன்ற டிராகன் ஃப்ளையிங் ரெய்டில் ஐஸ் அடி 2.56 மடங்கு இறங்கும். அங்கே ஆறு கிளேசியானோடு வரும் புதியவர் குழுவுக்குப் பாரமாக இருக்கமாட்டார், வேலை செய்வார்.

பெயரை எங்கே செலவழிப்பது?

எட்டுக்கும் ஒவ்வொரு பெயர்த் தந்திரம் உண்டு: மாற்றும் முன் ஈவீக்கு அந்தப் பெயரை வைத்தால் அந்த உருவமே வரும். ரெயினர் (Rainer) என்றால் வேப்போரியான், ஸ்பார்க்கி (Sparky) ஜோல்ட்டியான், பைரோ (Pyro) ஃபிளேரியான், சகுரா (Sakura) எஸ்பியான், தமாவோ (Tamao) அம்ப்ரியான், லினியா (Linnea) லீஃபியான், ரியா (Rea) கிளேசியான், கிரா (Kira) சில்வியான். (முதல் மூன்றும் அனிமேயில் வரும் ஈவீ சகோதரர்களின் பெயர்கள்.) பெயரை ஆங்கிலத்தில் எழுத்துப் பிசகாமல் வைக்க வேண்டும். ஒரு கணக்கில் ஒரு பெயர் ஒரே முறைதான் பலிக்கும்.

அவசரப்பட்டு முதல் மூன்று பெயரையும் கையில் கிடைத்த ஈவீயில் போட்டுவிடுகிறார்கள். அது நஷ்டம். அந்த மூன்றுக்கும் பெயரைத் தவிர உறுதியான வழி கிடையாது, பெயர் தீர்ந்தால் மூன்றில் எது வரும் என்பது அதிர்ஷ்டம். மின்னும் ஷைனியோ முழு ஐவியோ வரும்வரை அவற்றைப் பத்திரமாக வையுங்கள். மற்ற ஐந்துக்கும் உழைத்தால் வழி உண்டு. அம்ப்ரியானுக்கும் எஸ்பியானுக்கும் ஈவீயைக் கூடவே வரும் துணையாக (buddy) வைத்து 10 கிலோமீட்டர் நடந்து, அதன் மூலம் இரண்டு கேண்டி பெற வேண்டும். பிறகு துணையாக இருக்கும்போதே இரவில் மாற்றினால் அம்ப்ரியான், பகலில் எஸ்பியான். சில்வியானுக்கு, துணையாக வைத்த ஈவீயோடு 70 இதயம் சேர வேண்டும். தீனி, விளையாட்டு, நடை, போட்டோ என்று நாள்தோறும் சேர்க்க வேண்டியது. ஐந்தில் அதிகம் காத்திருக்க வைப்பது இதுதான். ஆகவே கிராவை நல்ல ஈவீ கிடைத்த அன்றே போட்டுவிடலாம்.

எவால்வ் பொத்தானை அழுத்தும் முன் அதில் தெரியும் நிழலைப் பாருங்கள். நீங்கள் நினைத்த உருவம் தெரிந்தால் அழுத்தலாம். கேள்விக்குறி தெரிந்தால் கேமை மூடித் திறந்து மறுபடி பாருங்கள். அப்போதும் மாறவில்லை என்றால் பெயரில் எழுத்துப்பிழை இருக்கும், அல்லது அந்தப் பெயரை முன்பே பயன்படுத்தியிருப்பீர்கள்.