வருமான வரி இ-ஃபைலிங் தளமும் ஜூலை 31-ம்: குமரி மாவட்டத்திலிருந்து ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

2021 ஜூன் 7-ல் வந்த புதிய இ-ஃபைலிங் தளம் முதல் சில மாதங்கள் எல்லோரையும் நன்றாகவே அலைக்கழித்தது. அந்த வருடம் ரிட்டர்ன் கெடு டிசம்பர் 31 வரை தள்ளிப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். இப்போது அதே தளம் உருப்படியாக ஓடுகிறது. சம்பளம், வங்கி வட்டி, பிடித்த டிடிஎஸ் (பணம் தருபவரே முன்கூட்டிப் பிடித்துச் செலுத்தும் வரி) எல்லாம் முன்பே நிரம்பி வருகின்றன. சாதாரணச் சம்பளக்காரர் அரை மணி நேரத்தில் வேலையை முடித்துவிடலாம். ஜூலை கடைசி வாரத்தில் மட்டும் இந்தத் தளத்தை நம்பக் கூடாது. ஓடிபி தாமதமாகும், கட்டிய சலான் உடனே ஏறாது. இங்கே ஆடிச் சாரலில் கரண்ட் போவதும் அதே நாட்களில்தான்.

சம்பளம், பென்ஷன், வட்டி, வாடகை மட்டும் உள்ள தனிநபருக்குக் கெடு ஜூலை 31. கணக்குத் தணிக்கை தேவைப்படும் தொழில்களுக்கு அக்டோபர் 31. "எப்படியும் தேதியை நீட்டுவாங்க" என்ற பேச்சு ஒவ்வொரு ஜூலையிலும் கிளம்புகிறது. 2020, 2021 கொரோனா ஆண்டுகளில் நீட்டினார்கள். 2022, 2023, 2024 மூன்று வருடமும் நீட்டவில்லை. 2025-ல் செப்டம்பர் 15 ஆக்கி, பிறகு ஒரே ஒரு நாள் கூட்டினார்கள். 2021 நீட்டிப்பிலும் ஒரு கொக்கி இருந்தது: கட்ட வேண்டிய வரி 1 லட்சத்துக்கு மேல் இருந்தவருக்குப் பழைய கெடுவிலிருந்தே வட்டி ஓடியது. நீட்டிப்பை நம்பித் திட்டமிடுவது வீண்.

இப்போது அதிகம் திருத்த வேண்டிய நினைப்பு ஒன்று உண்டு: "12 லட்சம் வரைக்கும் வரியே இல்லை, பிறகு எதுக்கு ரிட்டர்ன்?" 2025-26 நிதியாண்டு வருமானத்துக்குப் புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை வரி வராததற்குக் காரணம் 87ஏ பிரிவின் தள்ளுபடி (கணக்கிட்ட வரியையே கழித்துவிடுவது). வரிவிலக்கு வரம்பு வெறும் 4 லட்சம்தான். அதைத் தாண்டினால், கட்ட வேண்டிய வரி பூஜ்யம் என்றாலும் ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும். தக்கலையில் ஒரு தனியார் பள்ளி ஆசிரியைக்குச் சம்பளம் 6.5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். நிலைக்கழிவு 75,000 போக 5.75 லட்சம்; வரி கிடையாது. ஜூலை 31 தாண்டிப் போட்டால் 234எஃப் பிரிவில் 5,000 ரூபாய் தாமதக் கட்டணம் உண்டு. மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் இருந்தால் 1,000.

வரிவிலக்கு வரம்புக்குக் கீழே இருப்பவருக்குப் பொதுவாக இந்தக் கட்டணம் இல்லை. ஆனால் வருடத்தில் மின்கட்டணம் 1 லட்சத்தைத் தாண்டியவர், டிடிஎஸ் 25,000 அல்லது அதற்கு மேல் (60 வயது ஆனவருக்கு 50,000) பிடிக்கப்பட்டவர், வெளிநாட்டுப் பயணத்துக்கு 2 லட்சத்துக்கு மேல் செலவிட்டவர் எல்லோரும் வருமானம் குறைவு என்றாலும் ரிட்டர்ன் போட வேண்டியவர்கள். துபாயில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கைக்காசு போட்டுப் போய்வரும் பெற்றோர் இந்தக் கடைசி விதியைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

வரி பாக்கி இருப்பவருக்குக் கணக்கு வேறு மாதிரி. மார்த்தாண்டத்தில் கடை வாடகை வருகிறது, டிடிஎஸ் பிடிப்பதில்லை, முன்வரி (வருடத்துக்குள்ளேயே தவணையாகக் கட்டும் வரி) கட்டவில்லை, பாக்கி வரி 40,000, மொத்த வருமானம் 5 லட்சத்துக்கு மேல். இவர் நவம்பர் 10-ல் பணம் கட்டி ரிட்டர்ன் போடுகிறார் என்று கொள்வோம். 234ஏ (ரிட்டர்ன் தாமதத்துக்கான வட்டி): மாதம் 1 சதவீதம், மாதத்தில் ஒரு நாள் ஆனாலும் முழு மாதம், ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை 4 மாதத்துக்கு 1,600. 234பி (முன்வரி கட்டாததற்கான வட்டி): ஏப்ரல் முதல் 8 மாதத்துக்கு 3,200. 234சி: ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15-களில் கட்ட வேண்டிய 15, 45, 75, 100 சதவீதத் தவணைகளைத் தவறவிட்டதற்கு 180, 540, 900, 400 சேர்ந்து 2,020. தாமதக் கட்டணம் 5,000. மொத்தம் 11,820. இதையே ஜூலை 31-க்குள் முடித்திருந்தால் 3,620-தான்.

ஆவணம் ஏதாவது கைக்கு வரவில்லை, கெடு நெருங்குகிறது என்றால், உத்தேசமாக வரும் வரியையாவது ஜூலை 31-க்குள் கட்டிவிடுங்கள். கெடுவுக்குள் கட்டிய தொகைக்கு 234ஏ வட்டி கிடையாது என்று நேரடி வரிகள் வாரியம் 2015 சுற்றறிக்கையிலேயே சொல்லியிருக்கிறது. கெடு தாண்டிக் கட்டும்போது இன்னொரு விஷயம்: பணம் முதலில் தாமதக் கட்டணத்துக்கும், பிறகு வட்டிக்கும், கடைசியில்தான் வரிக்கும் போகும். வரியை மட்டும் கணக்குப் பண்ணிக் கட்டினால் மிச்சம் பாக்கியாக நிற்கும், பின்னால் டிமாண்ட் வரும்.

சலானில் விழும் தவறுகளையும் இங்கேயே சொல்லிவிடலாம். ரிட்டர்னுடன் கட்டுவது சுயமதிப்பீட்டு வரி, குறியீடு 300. முன்வரி 100. 2025-26-ல் வந்த வருமானத்துக்கு மதிப்பீட்டு ஆண்டு 2026-27. 2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம், 2025 நடைமுறைக்கு வருவதால் 'வரி ஆண்டு 2026-27' என்றும் ஒன்று உண்டு. அது 2026 ஏப்ரலில் தொடங்கும் வேறு வருடம். இரண்டையும் குழப்பினால் கட்டிய பணம் அடுத்த வருடக் கணக்கில் போய் உட்காரும்.

அபராதத்தை எப்படியோ கட்டிவிடலாம். பணம் கட்டினாலும் திரும்பக் கிடைக்காதவை சில இருக்கின்றன, அவற்றை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. முதலாவது பழைய வரிமுறை, அதாவது கழிவுகளைக் காட்டி வரியைக் குறைக்கும் முறை. வீட்டுக்கடன் வட்டி 2 லட்சம், 80சி பிரிவில் (பி.எஃப்., காப்பீடு போன்ற சேமிப்பு) 1.5 லட்சம் என்று கழிவு காட்டும் அரசு ஊழியருக்கு அலுவலகம் பழைய முறையிலேயே டிடிஎஸ் பிடித்திருக்கும். ஜூலை 31 தாண்டினால் புதிய முறை மட்டுமே. அந்தக் கழிவுகள் போய்விடும். வரி கூடினால் வித்தியாசத்தை வட்டியுடன் கட்ட வேண்டும். தொழில் வருமானம் உள்ளவர் பழைய முறை வேண்டுமென்றால் படிவம் 10-ஐஇஏ-வையும் கெடுவுக்குள் போட வேண்டும். இரண்டாவது, பங்குச் சந்தை நஷ்டமும் வியாபார நஷ்டமும் அடுத்த வருடங்களுக்கு எடுத்துச்செல்ல முடியாமல் போகும். வீட்டுச் சொத்து நஷ்டத்துக்கு இந்தத் தடை இல்லை. மூன்றாவது, டிடிஎஸ் ரீஃபண்டுக்கு மாதம் அரை சதவீத வட்டி; கெடுவுக்குள் போட்டால் ஏப்ரல் 1 முதல் கிடைக்கும், தாமதித்தால் போட்ட தேதியிலிருந்துதான்.

ரிட்டர்னைச் சமர்ப்பித்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பது பெரிய ஆபத்து. 30 நாளுக்குள் இ-வெரிஃபை (ரிட்டர்ன் நம்முடையதே என்று ஓடிபி போன்ற வழியில் உறுதிப்படுத்துவது) செய்ய வேண்டும். ஜூலை 28-ல் சமர்ப்பித்துவிட்டு செப்டம்பர் 5-ல் வெரிஃபை செய்தால், ரிட்டர்ன் போட்ட தேதி செப்டம்பர் 5 ஆகிவிடும்; மேலே சொன்ன இழப்பு அத்தனையும் வரும். வெரிஃபை செய்யாமலே விட்டால் போடாத கணக்கு. வளைகுடாவில் வேலை செய்பவர்கள் நிறைந்த மாவட்டத்தில் இது அடிக்கடி நடக்கிறது. ஆதாரில் பதிந்த இந்திய சிம் ரீசார்ஜ் இல்லாமல் செத்திருக்கும், ஓடிபி வராது. அவர்களுக்கு நெட்பேங்கிங் வழியாக உள்ளே போய் வெரிஃபை செய்வதே சுலபம். லீவில் ஊருக்கு வரும்போதே வங்கியின் நெட்பேங்கிங்கையும் தளத்தில் மின்னஞ்சல், கைப்பேசி எண்களையும் சரிபார்த்துவிடலாம். ஐடிஆர்-வி என்ற ஒப்புகைத் தாளில் கையெழுத்திட்டு அனுப்புவதென்றால் அது 30 நாளுக்குள் பெங்களூரு மையத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

வெளிநாடுவாழ் இந்தியருக்கு ஐடிஆர்-1 (சாதாரணச் சம்பளக்காரருக்கான எளிய ரிட்டர்ன் படிவம்) கிடையாது. வட்டி, வாடகை என்றால் ஐடிஆர்-2. என்ஆர்இ கணக்கு (வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போடுவது) வட்டிக்கு வரி இல்லை. என்ஆர்ஓ கணக்கு (இந்திய வருமானத்தைப் போடுவது) வட்டியில் 30 சதவீதமும் செஸ்ஸும் சேர்த்து 31.2 சதவீதம் பிடிப்பார்கள். வட்டி 3 லட்சம் என்றால் 93,600 போய்விடும். வேறு வருமானம் இல்லாதவருக்கு அத்தனையும் ரீஃபண்டாகத் திரும்பும். ரிட்டர்ன் போடாமல் விடுவது அந்தப் பணத்தை விட்டுக்கொடுப்பதுதான்.

ரீஃபண்ட் வர வங்கிக் கணக்கு முன்சரிபார்ப்பில் தேற வேண்டும், அங்கேதான் நம் ஊர்ப் பெயர்கள் மாட்டுகின்றன. பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும், பாஸ்புக்கில் இனிஷியல் மட்டும். ஞானஸ்நானப் பெயர் ஒன்றில் இருக்கும், மற்றதில் இருக்காது. திருத்த வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் இதை ஏப்ரல், மே மாதத்திலேயே பாருங்கள். சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடு சேர்ந்ததுபோல் வங்கி இணைந்த கணக்குகளுக்குப் புதிய ஐஎஃப்எஸ்சி எண் கொடுக்க வேண்டும். அந்த எண்ணே இல்லாத கூட்டுறவுச் சங்கக் கணக்கில் ரீஃபண்ட் வாங்க முடியாது.

குலசேகரம், திருவட்டார், அருமனைப் பக்கம் ரப்பர் உள்ளவர்கள் படிவத்தில் சறுக்குகிறார்கள். சொந்தத் தோட்டத்துப் பாலும் ஒட்டுப்பாலும் விற்ற பணம் விவசாய வருமானம். அது 5,000-ஐத் தாண்டினாலே ஐடிஆர்-1 பொருந்தாது. ஆசிரியர் வேலையோடு ஒரு ஏக்கர் ரப்பர் இருந்தாலும் ஐடிஆர்-2-தான். விவசாய வருமானம் 5 லட்சத்துக்கு மேல் என்றால் நிலத்தின் மாவட்டம், பின்கோடு, பரப்பு, சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியா என்பதையும் கேட்கும். தவறான படிவத்தில் போட்டால் குறைபாடுள்ள ரிட்டர்ன் என்று நோட்டீஸ் வரலாம். 15 நாளில் சரிசெய்யாவிட்டால் அது செல்லாது.

சீக்கிரம் போடுவதற்கும் ஒரு அளவு உண்டு. கடைசிக் காலாண்டின் டிடிஎஸ் அறிக்கைக்குக் கெடு மே 31, படிவம் 16-க்கு (சம்பள டிடிஎஸ் சான்றிதழ்) ஜூன் 15. அதற்கு முன் போட்டால் 26ஏஎஸ் என்ற வரி விவரப் பட்டியலில் பாதி டிடிஎஸ் இருக்காது. ஜூன் 20-க்கும் ஜூலை 10-க்கும் நடுவில் போடுவதே நல்லது. தளத்தில் ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்து ஒவ்வொரு வட்டியையும் பாஸ்புக்கோடு ஒப்பிடுங்கள். கூட்டுக் கணக்கின் வட்டி முதல் பெயருக்கே ஏறும். வங்கியில் 15எச் (டிடிஎஸ் பிடிக்க வேண்டாம் என்று தரும் படிவம்) கொடுத்த பென்ஷன்தாரருக்கும் வட்டி அங்கே தெரியும்.

ஜூலை 31 போனால் டிசம்பர் 31 வரை தாமத ரிட்டர்ன் போடலாம். அதுவும் போனால் ஐடிஆர்-யு என்ற புதுப்பித்த ரிட்டர்ன்: மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 48 மாதம் வரை. வரியும் வட்டியும் சேர்ந்த தொகைமேல் முதல் 12 மாதத்தில் 25 சதவீதம், பிறகு 50, 60, 70 என்று கூடுதல் வரி ஏறும். அதில் ரீஃபண்ட் கேட்கவோ நஷ்டம் காட்டவோ முடியாது. வேண்டுமென்றே போடாமல் விட்டவர்மேல் 276சிசி-யில் வழக்கும் தொடரலாம். டிடிஎஸ், முன்வரி போக நிற்கும் வரி 10,000-க்குள் இருக்கும் தனிநபருக்கு அந்தப் பயம் இல்லை. ரீஃபண்டை விட்டவருக்கு மிஞ்சும் வழி 119(2)(பி) மன்னிப்பு மனு. மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 5 வருடத்துக்குள் தளத்திலேயே போடலாம். தாமதத்துக்கு உண்மையான காரணமும் அதற்குச் சான்றும் வேண்டும்: மருத்துவமனை டிஸ்சார்ஜ் தாள், இறப்புச் சான்றிதழ் போன்றவை.